நோயாளியை நகர்த்துவது எப்படி, முதுகு நோகாமல்?

கோட்டத்தறை, அடிமாலி போன்ற கேரள மலைப்பகுதி அரசு மருத்துவமனைகளில் ரெஃபர் என்றாலே மலைச்சாலைதான். ஒருவரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதற்குள் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு, அங்கிருந்து ஆம்புலன்ஸுக்கு என்று பலமுறை மாற்ற வேண்டும். அத்தனை பாரமும் செவிலியர், உதவியாளர் முதுகில்தான் இறங்குகிறது.

அமெரிக்கப் பணிசார் நல ஆய்வு நிறுவனமான நயோஷ், நோயாளியைக் கையால் தூக்குவதற்குச் சொல்லும் உச்ச வரம்பு சுமார் 16 கிலோ. 60 கிலோ மனிதரின் ஒரு காலே ஏறக்குறைய 10 கிலோ இருக்கும்; இரு கால்களையும் சேர்த்துத் தூக்கினாலே வரம்பு தாண்டிவிடும். ஆகவே தூக்காதீர்கள், நகர்த்துங்கள்.

1. முதலில் கேளுங்கள். முழங்காலை மடக்கவோ காலை ஊன்றவோ நோயாளியால் முடிந்தால் பாதி வேலை அவருடையது.

2. கட்டில் சக்கரங்களைப் பூட்டி, உயரத்தை உங்கள் இடுப்பளவுக்குக் கொண்டுவாருங்கள்.

3. கட்டிலில் நோயாளியை மேலே நகர்த்தும்போது தலைப்பக்கத்தைத் தாழ்த்துங்கள். தோள் முதல் இடுப்பு வரை விரித்த டிரா ஷீட்டின் ஓரங்களைச் சுருட்டி, பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லிச் சேர்ந்து இழுங்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டாம்.

4. ஸ்ட்ரெச்சரைக் கட்டிலோடு ஒட்டி, சற்றுத் தாழ்வாக நிறுத்துங்கள். சறுக்குப் பலகை இருந்தால் வையுங்கள். ஆள் போதாவிட்டால் ஆள் வரும்வரை காத்திருங்கள். உயிர் ஆபத்து என்றால் உரக்கக் குரல் கொடுத்து ஆள் சேருங்கள்.

5. வீல்சேரில் உட்காரவைக்கும்போது இடுப்பைத் திருகாதீர்கள். பாதத்தை எடுத்துவைத்துத் திரும்புங்கள். நோயாளியை உங்கள் கழுத்தைக் கட்டிப்பிடிக்க விடாதீர்கள்.

6. நோயாளி சரிந்தால் தாங்கி நிறுத்த முயலாதீர்கள். தலை அடிபடாமல் மெதுவாகத் தரையில் இறக்குங்கள்.

7. டிரெஸ்ஸிங், ஊசி வேலைகளைக் குனிந்து செய்யாமல் ஸ்டூலில் உட்கார்ந்து செய்யுங்கள்.

உங்கள் முதுகுவலி காலுக்கு இறங்கினாலோ கால் மரத்துப்போனாலோ மருத்துவரைப் பாருங்கள். கால் பலமிழந்தாலும், தொடையிடுக்கில் உணர்வு குறைந்தாலும், சிறுநீர் கட்டுப்படாமல் போனாலும் அது அவசரம், அன்றே போங்கள்.

வார்டு பொறுப்பாளர்களே, பாரமான நோயாளிகளை ஒருவர் தலையிலேயே கட்டாமல் முறைமாற்றிக் கொடுங்கள். பணியாளருக்குப் பிடிப்பு, சுளுக்கு எதுவானாலும் அன்றே எழுத்தில் பதியுங்கள். கூடுதல் ஆளும் சறுக்குப் பலகையும் கேட்கும்போது, அந்தப் பதிவுதான் உங்கள் பக்கம் பேசும்.