கைபேசித் துறைப் போட்டியும் முதலீட்டாளர் பார்வையும்

முன்னுரை

2016-ஆம் ஆண்டு நான் பள்ளிச் சிறுவன். புதிதாக வந்த இலவச சிம் அட்டையைக் கொண்டு என் தந்தையார் உறவினர்களோடு மணிக்கணக்கில் பேசி மகிழ்ந்தார். அதே தந்தையார், என் மேற்படிப்புக்கென ஒதுக்கிய பணத்தில் வேறொரு கைபேசி நிறுவனத்தின் பங்குகளையும் வாங்கி வைத்திருந்தார். பேச்சு மலிய மலியப் பங்கின் விலையும் சரிந்தது. “பேசுகிறவனுக்கு இலாபம், பங்கு வைத்திருப்பவனுக்கு நட்டம், இரண்டு பேரும் நானே” என்பார். அந்தச் சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

போட்டி வளர்ந்த வரலாறு

இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் இடையே நிகழ்ந்தது. அன்று வந்த அழைப்புக்கும் கட்டணம் உண்டு. 1999-ஆம் ஆண்டுக் கொள்கை, நிலையான உரிமக் கட்டணத்திற்குப் பதிலாக வருவாயில் பங்கு என்னும் முறையைக் கொணர்ந்தது. நிறுவனங்கள் பெருகின. சந்தாதாரர் எண்ணிக்கை கூடினால் இலாபமும் கூடும் என்று முதலீட்டாளர் பலர் நம்பினர். 2008-இல் வழங்கப்பட்ட 122 உரிமங்களை உச்சநீதிமன்றம் 2012 பிப்ரவரி 2 அன்று இரத்து செய்தது. எண்ணிக்கையை மட்டும் நம்பியோர்க்கு அது முதல் எச்சரிக்கை எனலாம்.

விலைப்போர் மூள்வது ஏன்?

நம் பொருளியல் வகுப்பில் படித்த மாறாச் செலவே இதற்கு விடை. கோபுரங்களுக்கும் அலைக்கற்றைக்கும் முன்னதாகவே பெரும்பணம் கொட்ட வேண்டும். அதன்பின் கூடுதலாக ஓர் அழைப்பைக் கொண்டு செல்லும் செலவு மிகச் சொற்பம். ஆகவே எவ்வளவு குறைந்த விலைக்கும் வாடிக்கையாளரை இழுக்கும் ஆசை பிறக்கிறது. சில்லோர் முற்றுரிமைச் சந்தையில் விலை எளிதில் அசையாது என்பது பாடம். ஆழ்ந்த பணப்பை உடைய ஒருவர் புதிதாக நுழைந்தால் அந்தப் பாடமும் தடுமாறும்.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ நுழைந்தபோது அதுவே நடந்தது. தமிழ்நாட்டில் 1999-இல் தொடங்கிய ஏர்செல் 2018-இல் நொடித்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 31-இல் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. 2019 அக்டோபர் 24-இல், எதெல்லாம் வருவாய் என்ற நெடுநாள் வழக்கில் நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அதையொட்டிச் செப்டம்பருடன் முடிந்த காலாண்டுக்கு வோடஃபோன் ஐடியா காட்டிய நட்டம் 50,921 கோடி ரூபாய்.

இரு பார்வைகள்

“மெலிந்தவர் வீழட்டும், எஞ்சியவர் விலையை உயர்த்துவர், அதுவரை பொறுப்போம்” என்பது ஒரு பார்வை. அது பொய்க்கவில்லை. 2019 டிசம்பரிலும் 2024 ஜூலையிலும் கட்டணங்கள் உயர்ந்தன. ஏர்டெல்லுக்கு ஒரு சந்தாதாரரிடமிருந்து கிடைத்த சராசரி மாத வருவாய், 2018-இன் இறுதியில் சுமார் 104 ரூபாய். 2025-இன் தொடக்கத்தில் 245 ரூபாய்.

ஆனால் எஞ்சப்போவது யார் என்பதை முன்கூட்டி அறிவது எளிதன்று. 2019 ஏப்ரலில் வோடஃபோன் ஐடியாவின் உரிமைப் பங்கை 12 ரூபாய் 50 காசுக்கு வாங்கியோர், அவ்வாண்டு நவம்பரில் அது 5 ரூபாய்க்கும் கீழே இறங்கக் கண்டனர். 2025-இல் நிலுவைகள் பங்குகளாக மாற்றப்பட்டு, மைய அரசே அதில் 48.99 விழுக்காட்டுக்கு உரிமையாளராயிற்று. விதி வகுப்பவரே விளையாட்டிலும் இருப்பதை முதலீட்டாளர் மறத்தலாகாது.

முடிவுரை

கைபேசிப் பங்கு வாங்க எண்ணுவோர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. தலைக்கு வருவாய் எவ்வளவு? கடன் எவ்வளவு? அடுத்த அலைக்கற்றை ஏலத்திற்குப் பணம் எங்கிருந்து வரும்? சந்தாதாரர் எண்ணிக்கை அதன் பின்னரே.

மற்றொன்றும் உண்டு. முதலீட்டாளர் விரும்புவது குறைந்த போட்டி. பயனாளி விரும்புவது நிறைந்த போட்டி. என் தந்தையார் பங்குகளை நட்டத்திற்கு விற்றுவிட்டார். 2024-இல் கட்டணம் உயர்ந்த அன்று, “இப்போது பங்கும் இல்லை, மலிவும் இல்லை” என்றார். அப்பணம் போனாலும் நான் இக்கல்லூரியில் படிக்க முடிகிறது. இங்கு கற்ற கணக்கியலை அவர் அன்றே கற்றிருந்தால், நிறுவனத்தின் ஐந்தொகையைப் புரட்டியிருப்பார். நண்பர்களே, நாமாவது புரட்டிப் பார்ப்போம்.

— இளங்கலை வணிகவியல், மூன்றாம் ஆண்டு