முப்பது வருடத் தேடுகை மன்னாருக்குப் போதாது

மன்னார்ப் பக்கம் காணி தேடும் நமது வியாபாரிகள் இப்போது கூடிவிட்டார்கள். 2009இல் யுத்தம் முடிந்தது. 2015இல் தலைமன்னார் வரை ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. 2020 டிசம்பரில் தீவின் தம்பபவனி காற்றாலை திறந்துவைக்கப்பட்டது. ஐஸ் தொழிற்சாலைக்கு, கருவாட்டு வாடிக்கு, களஞ்சியத்துக்கு என்று ஆளுக்கொரு தேவை. தரகரும் கையில் ஓர் உறுதியோடு வந்து, "முதலாளி, முப்பது வருஷம் தேடிப் பார்த்தாச்சு, ஒரு வில்லங்கமும் இல்லை" என்கிறார்.

அந்த முப்பது என்ற கணக்கைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

காணிப் பதிவகத்தில் முப்பது வருடம் பின்னோக்கித் தேடுவது சட்டத்தரணிகளிடமும் வங்கிகளிடமும் உள்ள பொதுவான வழக்கம். குருநாகலிலோ கண்டியிலோ அது பெரும்பாலும் போதும். மன்னாரில் போதாது. இன்றிலிருந்து முப்பது வருடம் பின்னால் போனால் தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நின்றுவிடுவோம். அப்போது எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம், முசலி மக்கள் ஊரில் இல்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது கற்பிட்டி, புத்தளம் என்று வந்து முகாம்களில் இருந்தவர்கள் அவர்கள். இந்தியாவுக்குப் படகேறிய தமிழ்க் குடும்பங்களின் வளவுகளும் அப்படித்தான் ஆளின்றிக் கிடந்தன. ஆகவே உரிமையாளர் கடைசியாகக் கதவைப் பூட்டிய நாள் தரகரின் தேடுகைக்குள் வருவதே இல்லை. தேடுகை சுத்தமாக இருப்பதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

இதை விளங்கிக்கொள்ள, பதிவேடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதிவு நடப்பது ஆளின் பெயரில் அல்ல, காணியின் பெயரில். ஒவ்வொரு காணிக்கும் ஒரு தொகுதி, ஒரு பக்கம். அந்தப் பக்கத்தைத்தான் ஃபோலியோ என்கிறோம். வடக்கில் பழையவர்கள் தோம்பு என்பார்கள். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் அது. விற்பனை, நன்கொடை, ஈடு என்று அந்தக் காணிக்கு நடந்தவை எல்லாம் அந்தப் பக்கத்திலேயே வரிசையாக ஏற வேண்டும். பக்கம் நிரம்பினால் அடுத்த பக்கத்தின் இலக்கத்தை அங்கே குறித்து அதற்குக் கொண்டுபோவார்கள்.

சிக்கல் எங்கே வருகிறது? பழைய ஃபோலியோவைச் சொல்லாமல் ஒருவர் உறுதி கொண்டுவந்தால் அதற்குப் புதுப் பக்கம் திறக்கப்படலாம். காணி ஒன்று, பக்கம் இரண்டு. உதாரணமாக, 1996இல் ஒருவர் "இந்த வளவை நீண்ட காலமாக நானே ஆண்டு வருகிறேன்" என்று தனக்குத்தானே ஒரு பிரகடன உறுதி எழுதுகிறார். அது புதுப் பக்கத்தில் ஏறுகிறது. பிறகு மகனுக்கு நன்கொடை, மகனிடமிருந்து இன்னொருவருக்கு விற்பனை. பக்கத்தைத் திறந்தால் மூன்று உறுதி அழகாக வரிசையில் நிற்கும். 1974இல் உண்மையான சொந்தக்காரர் வாங்கிய உறுதி வேறொரு பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கும்.

எனவே நீங்கள் வாங்கப்போகும் காணியின் பக்கத்தில் முதல் பதிவு என்ன என்று பாருங்கள். பிரகடன உறுதியோடு தொடங்கினால், அதிலும் அதன் திகதி 1990க்குப் பிந்தியதாக இருந்தால், அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். 1990க்கு முன் யார் இருந்தார் என்று கிராம அலுவலரிடமும் பக்கத்து வளவுக்காரரிடமும் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் கேளுங்கள். எல்லைகளையும் வாசியுங்கள். வடக்கு எல்லையில் இருப்பவரின் உறுதியில் உங்கள் காணி யாருடைய பெயரில் எழுதப்பட்டிருக்கிறது? பிரகடனம் எழுதியவர் தன் உறுதியில் என்னவும் எழுதலாம், பக்கத்து வீட்டாரின் 1960ஆம் ஆண்டு உறுதிக்குள் போய்த் தன் பெயரை எழுத முடியாது.

"பதிவாகிவிட்டது, இனி என்ன பயம்?" என்று கேட்பவர்கள் பலர். பதிவு, பிழையான உறுதியைச் சரியாக்காது. ஒரே உரிமையாளர் ஒரே காணியை இருவருக்கு விற்றால், முந்திப் பதிந்தவருக்கே அந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு முன்னுரிமை கொடுக்கிறது. அதுவும் விலை கொடுத்து, மோசடியோ கூட்டுச் சதியோ இல்லாமல் வாங்கியிருக்க வேண்டும், சரியான பக்கத்திலும் பதிந்திருக்க வேண்டும். சொந்தமே இல்லாதவர் எழுதிய உறுதிக்கு அந்த முன்னுரிமையால் பயன் இல்லை.

உறுதியின் கடைசியில் நொத்தாரிசு எழுதும் அத்தாட்சியை நம்மில் பெரும்பாலோர் வாசிப்பதில்லை. உறுதி எழுதுமுன் பதிவேட்டைத் தேடிப் பார்ப்பது நொத்தாரிசின் கடமை. தேட வேண்டாம் என்று கட்சிக்காரர்கள் சொன்னால் அதை அவர் எழுதிவைக்க வேண்டும். விற்பவரின் உறுதியில் அப்படி ஒரு வரி இருந்தால், அன்று தேட வேண்டாம் என்று சொன்னதற்கு என்ன காரணம் என்று யோசியுங்கள். தேடுகைக் கூலி பெரிய காசு அல்ல.

முகாம் காலத்தில் கஷ்டத்துக்கு வெள்ளைக் காகிதத்தில் எழுதி விற்ற காணிகளும் உண்டு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாத காணி விற்பனை செல்லாது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுத்தாளரையும் சாட்சிகளையும் வைத்து எழுதச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம். அதை அறிந்த நாமே காணி விடயத்தில் துண்டுக் காகிதத்தோடு நின்றுவிடுகிறோம்.

ஆட்சியுரிமை பற்றியும் சொல்ல வேண்டும். பத்து வருடம் தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆண்டவர் 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றத்தில் உரிமை கோரலாம். இடம்பெயர்ந்தவர்களுக்கு இது அநியாயம் என்றுதான் 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பயங்கரவாதச் செயல்களால் உரிமையைத் தேட முடியாமல் போனவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் பத்து வருடக் கணக்கில் சேராது என்றது அது. ஆனால் வழக்குப் போட இரண்டு வருட அவகாசமே தரப்பட்டது. அந்த அவகாசம் தெரியாமலே இருந்துவிட்ட குடும்பங்கள் நம் சமூகத்தில் குறைவல்ல. இதே நிலையில் இருப்பவர்கள் இப்போதாவது ஒரு நல்ல சட்டத்தரணியைக் காண வேண்டும். பிடித்திருப்பவர் உங்கள் சொந்தச் சகோதரன் என்றால் நிலைமை வேறு. கூட்டுரிமையாளர் ஒருவர் தனியாக இருந்தார் என்பதற்காக மட்டும் மற்றவர்களின் பங்கு போய்விடாது.

நன்கொடை வழியாக வந்த காணியை முஸ்லிம் ஒருவரிடமிருந்து வாங்கும்போது, "மீட்க முடியாதது" என்ற சொல் அந்த நன்கொடை உறுதியில் இருக்கிறதா என்று பாருங்கள். 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி அப்படி எழுதப்படாத நன்கொடை மீட்க முடியாததாகக் கொள்ளப்படாது. மகள் விற்ற பிறகு வாப்பா வந்து நின்றால் கஷ்டம் உங்களுக்குத்தான்.

பேமிட் காணிக்குப் பதிவகத்தைவிடப் பிரதேச செயலகம் முக்கியம். செயலாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வாங்கினால் காசு போனதுதான். முசலியில் இன்னொரு தொல்லை. மக்கள் முழுமையாகத் திரும்பி முடியுமுன், 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகள் வன ஒதுக்கமாக வர்த்தமானியில் வந்தன. 2017இல் மாவில்லு ஒதுக்கமும் வந்தது. உறுதி இருந்தாலும் வர்த்தமானி எல்லையை நில அளவையாளரைக் கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். கடலோரமாக 300 மீற்றருக்குள் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேறு வேண்டும்.

கடைசியாக, புத்தளத்தில் இருந்துகொண்டு "உறுதி 90இல் தொலைந்தது, இனி ஒன்றும் இல்லை" என்று இருக்கும் சகோதரர்களுக்கு. ஓர் உறுதி மூன்று பிரதியாக எழுதப்படுகிறது. ஒன்று உங்களுக்கு, ஒன்று நொத்தாரிசின் கையில், இன்னொன்றை அவர் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். நொத்தாரிசு மௌத்தாகியிருந்தால் அவருடைய பிரதிகளும் பதிவாளரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதே சட்டம். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், இந்த மூன்றும் இருந்தால் உறுதிப்படுத்திய பிரதிக்கு மன்னார் காணிப் பதிவகத்தில் விண்ணப்பிக்கலாம். கிடைத்ததும் கேவியட் என்னும் ஆட்சேப அறிவித்தல் ஒன்றைப் பதிந்துவிடுங்கள். அது அமுலில் உள்ள காலத்தில் யாராவது அந்தக் காணிக்கு உறுதி பதிய வந்தால் பதிவாளர் உங்களுக்கு அறிவிப்பார்.

அந்த மூன்றும் தெரியாதவர்கள் பழைய ஈட்டுப் பத்திரம், வங்கிக் கடிதம், சோலைவரிப் பற்றுச்சீட்டு எதுவும் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பக்கத்து வளவுக்காரரைத் தேடிப் போங்கள். அவருடைய உறுதியில் கிழக்கு எல்லையாகவோ மேற்கு எல்லையாகவோ உங்கள் வாப்பாவின் பெயர் இருக்கும். அந்தக் காலத்தில் அந்தத் தெருவுக்கு உறுதி எழுதிய நொத்தாரிசின் பெயரும் அதிலேயே இருக்கும்.