தீங்கற்ற கட்டிகளும் நுரையீரல் நிழல்களும் – கோலார் தங்கவயலை முன்னிட்டு ஓர் ஆய்வு

உடலில் தோன்றும் கட்டிகள் யாவும் புற்று அல்ல என்பது பலரும் அறிந்ததே. எனினும், 'இது சாதாரணக் கட்டி' என்று மருத்துவர் கூறியவுடன் அதனை அடியோடு மறந்துவிடுவோர் உளர். கட்டி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நகையை அடகு வைத்து அறுவைச் சிகிச்சைக்கு விரைவோரும் உளர். இவ்விரு போக்குகளும் குடும்பத்தின் வருவாயைப் பாதிப்பவை. முதலாவது சில வேளைகளில் உயிரையும் பாதிக்கும்.

'தீங்கற்றது' என்ற பெயரே இக்குழப்பத்திற்கு ஓரளவு காரணம் எனலாம். அக்கட்டி அண்டைத் திசுக்களுக்குள் ஊடுருவாது, குருதி வழியாக வேறு உறுப்புகளுக்குப் பரவாது என்பதே அச்சொல்லின் பொருள். அது துன்பம் தராது என்பது பொருளன்று. தோலுக்கடியில் மெத்தென்று நகரும் கொழுப்புக் கட்டி இருபது ஆண்டுகள் இருந்தாலும் பெரும்பாலும் கேடில்லை. அதே அளவுள்ள தீங்கற்ற கட்டி மண்டையோட்டினுள் மூளை உறையில் வளருமாயின், விரிவதற்கு அங்கு இடமின்மையால் பார்வையையும் நடையையும் கெடுத்துவிடும். கழுத்திலுள்ள தைராய்டுக் கட்டி மூச்சுக்குழலை அழுத்தலாம். கருப்பையின் நார்த்திசுக் கட்டி மாதந்தோறும் மிகுதியான உதிரப்போக்கை உண்டாக்கிக் கடும் இரத்தசோகையில் கொண்டுபோய் விடலாம். தொல்லை தராத அதே கட்டி, மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் தானே சுருங்குவதும் உண்டு.

எனவே, கட்டியின் பெயரைவிட அது அமைந்த இடமும் அது செய்யும் வேலையுமே சிகிச்சையை முடிவு செய்கின்றன. அழுத்துதல், குருதி கசிதல், சுரப்புநீரை அளவுக்கு மீறிச் சுரத்தல் ஆகியவை இருப்பின் சிகிச்சை தேவை. அதுவும் எப்போதும் கத்தியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிட்யூட்டரிச் சுரப்பியில் தோன்றும் ஒருவகைக் கட்டிக்கு மாத்திரையே முதற் சிகிச்சை. பெருங்குடலில் தோன்றும் சுரப்பித்திசு முளைகளின் நிலை வேறு. இன்று தீங்கற்றவையாயினும், அவற்றுள் சில ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறக்கூடும் என்பதால், தொல்லை தோன்றுமுன்னரே அவை அகற்றப்படுகின்றன. ஐயம் எஞ்சும்போது பயாப்சி எனப்படும் திசுச் சோதனையே தீர்ப்பளிக்கும். கையால் தொட்டுப் பார்த்துக் கூறும் ஆறுதல் அதற்கு ஈடாகாது.

வளர்ச்சியின் வேகமும் கருதத்தக்கது. இங்கே ஒரு சிறு கணக்கு மாணவர்களுக்குப் பயன்படும். உருண்டையான ஒரு கட்டியின் குறுக்களவு 10 மில்லிமீட்டரிலிருந்து 12.6 மில்லிமீட்டராக உயர்ந்தால், அதன் பருமன் இருமடங்காகிவிட்டது என்று பொருள். கண்ணளவில் 'கொஞ்சம்தான் பெருத்திருக்கிறது' எனத் தோன்றுவது உண்மையில் இரட்டிப்பாகும். ஆகவே அளந்து எழுதி வைத்த குறிப்பும் பழைய படமும் இன்றியமையாதவை.

சுரங்கம் விட்டுச்சென்றவை

பழைய படத்தின் மதிப்பைக் கோலார் தங்கவயலைப் போல் உணர்த்தும் இடங்கள் நாட்டில் குறைவு. 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் அங்கு நவீன முறைச் சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கண்டது. தங்கம் படிகக்கல் நரம்புகளில் பொதிந்திருந்தமையால், பாறையைத் துளைக்குந்தோறும் சிலிக்காத் தூசு எழுந்து நுரையீரலில் படிந்தது. இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலாக 1934இல் பதிவானது இச்சுரங்கங்களிலேதான். 1947இல் வெளியான ஆய்வொன்றில் 7,653 தொழிலாளருள் 43.7 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருப்பது தெரிய வந்தது.

சிலிகோசிஸ் நோயில் நுரையீரலில் உண்டாகும் முடிச்சுகள் கட்டிகளே அல்ல. அவை தழும்புத் திசுக்கள். ஆயினும் எக்ஸ்ரே படத்தில் அவை வெண்ணிற உருண்டைகளாகத் தெரியும். பல முடிச்சுகள் ஒன்றுசேர்ந்து பெருந்திரளாகும்போது, அனுபவமுள்ள மருத்துவரும் அது புற்றோ என ஐயுறுவர். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே, முடக்குவாதம் உடையவர்களின் நுரையீரலில் இத்தகைய உருண்டை நிழல்கள் காணப்படுவதை மருத்துவர் கேப்ளன் 1953இல் விளக்கினார். அவையும் புற்று அல்ல.

ஆனால் இதனைக் கொண்டு அமைதியடைந்துவிட இயலாது. சிலிக்கா படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும். மேலும், படிகச் சிலிக்காத் தூசு புற்றுநோய் உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் வகைப்படுத்தியது. ஒரே நிழல் பழைய தழும்பாகவும் இருக்கலாம், காசநோயாகவும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். திண்மையான ஒரு நிழல் ஈராண்டுகளாக வளராதிருப்பின் அது பெரும்பாலும் தீங்கற்றது என்பது மருத்துவர் நெடுங்காலமாகக் கொண்டுள்ள அளவுகோல். ஈராண்டுக்கு முந்தைய படம் கையில் இருந்தால், அந்த ஒப்பீடு சில நிமிட வேலை. இல்லையெனில் சி.டி. ஸ்கேன், சளிச் சோதனை, ஊசி வழித் திசுச் சோதனை, பல மாதக் காத்திருப்பு எனச் செலவு விரிகிறது.

சுரங்கம் இயங்கிய காலத்தில் நிறுவன மருத்துவமனை இருந்தது. 1955ஆம் ஆண்டின் சுரங்க விதிகள், பிற்காலத் திருத்தங்களுடன், ஐந்தாண்டுக்கு மேற்படாத இடைவெளியில் மருத்துவப் பரிசோதனையை வகுத்தன. பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பணி 2001 பிப்ரவரி 28 அன்று நின்றபின் அவ்வாய்ப்பு அற்றுப்போனது. சிலிகோசிஸ் நோயோ, தூசை விட்டு விலகிய பின்னரும் முற்றக்கூடியது. சுரங்கம் மூடியபின் அதனைக் கண்காணிப்பார் யார் என்பது மூடும் திட்டத்திலேயே எழுதப்பட வேண்டிய வினா. ஆள்குறைப்புத் தொகையைக் கணக்கிட்ட அளவுக்கு எக்ஸ்ரே படங்களைப் பற்றி யாரும் கணக்கிடுவதில்லை.

ஒரு நாள் கூலி

இன்று மாரிகுப்பத்திலும் ராபர்ட்சன்பேட்டையிலும் பலர் விடியற்காலை ரயிலேறி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். 1973இல் தொடங்கிய கித்வாய் புற்றுநோய் நிலையமும் அந்நகரிலேயே உள்ளது. ரயில் இருந்தும், புறநோயாளர் பிரிவில் காத்திருக்கும் நாளில் கூலி இல்லை. மார்பில் ஒரு சிறு கட்டியைக் கண்ட பெண் 'வலி இல்லையே' எனத் தள்ளிப்போடுவதன் காரணம் அறியாமை மட்டுமன்று. ஆனால் தொடக்கநிலை மார்பகப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. இளம்பெண்களின் மார்பில் வழுக்கி நகரும் கட்டி பெரும்பாலும் தீங்கற்ற நார்ச் சுரப்பிக் கட்டியே. எனினும் எவ்வயதிலும் புதிதாகத் தோன்றிய கட்டியை ஒருமுறையேனும் சோதித்த பின்னரே காத்திருப்பதா என முடிவு செய்ய வேண்டும்.

2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழி செய்கிறது. கர்நாடகத்தில் அது ஆரோக்கிய கர்நாடகத் திட்டத்துடன் இணைந்தது. இத்தகைய காப்பீடு படுக்கையில் சேர்ந்த பின்னரே முழுப்பயன் தருவது. தீங்கற்ற கட்டியைப் பொறுத்தவரை வேண்டுவது பெரும்பாலும் படுக்கை அன்று. ஆறு மாதத்திற்கொருமுறை அளந்து பார்க்கும் ஒருவரே. முப்பது வயதைக் கடந்தோருக்கு வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுகளைக் கண்டறியும் சோதனை தேசியத் திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடைபெறுகிறது. கோலார் போன்ற வட்டாரத்தில் அப்பதிவேட்டில் இன்னொரு பத்தி சேர்ப்பது பெருஞ்செலவன்று: சுரங்கத்தில் எத்தனை ஆண்டு, எந்த வேலை, கடைசி மார்புப் படம் எந்த ஆண்டு, அது இப்போது யாரிடம் உள்ளது.