பயிர்களும் காட்டு முயலும்
கள்ளக்குறிச்சி வட்டாரக் குடியானவர்களுக்கு ஒரு பாடம்

"தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்" என்னும் பழமொழி, வயலில் நேரும் சேதத்தைப் பற்றிய பேச்சிற்கு மிகவும் பொருந்தும். கல்வராயன் மலையடிவாரத்தில் விடியற்காலையில் கடலைக்காட்டைச் சுற்றிப் பார்க்கும் ஒருவர், முளைத்துப் பத்து நாளான செடிகள் நுனியற்று நிற்பதைக் கண்டால், உடனே "மொசல் மேய்ந்துவிட்டது" என்பார். அடுத்த காட்டுக்காரர் எலி என்பார். மற்றொருவர் ஊராரின் ஆடு என்று சண்டைக்கு நிற்பார். காரணம் இன்னதென்று நிச்சயியாமல் செய்யும் பரிகாரம் வீண் செலவாகவே முடியும். ஆகையால் காட்டு முயலின் இயல்பு, அது செய்யும் சேதத்தின் அடையாளம், அதனைத் தடுக்கும் எளிய உபாயங்கள் ஆகியவை இப்பாடத்தில் முறையே கூறப்படுகின்றன.

1. பிராணியின் இயல்பு

நம் பக்கத்துக் காட்டு முயலும், வீடுகளிலும் பண்ணைகளிலும் கூண்டில் வளர்க்கும் முயலும் ஒரே இனம் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. வளர்ப்பு முயல் ஐரோப்பாவின் குழிமுயலிலிருந்து வந்தது. அது வளை தோண்டி, அதனுள் கண் திறவாத, மயிரற்ற குட்டிகளை ஈனும். காட்டு முயலோ வளை தோண்டி வாழ்வதன்று. புல்லின் அடியிலோ புதரின் நிழலிலோ உடம்பு பொருந்தும் அளவிற்கு ஒரு சிறு பள்ளம் செய்து, அதில் பகல் முழுவதும் அசையாது படுத்திருக்கும். அதன் குட்டிகள் பிறக்கும்போதே மயிரும் திறந்த கண்களும் உடையவை. இவ்விரண்டும் ஒன்றோடொன்று கூடிக் கலப்பினம் தருவதில்லை.

தென்னிந்தியக் காட்டு முயலின் பிடரியில் கறுப்புத் திட்டு ஒன்று காணப்படும். காதுகள் நீண்டவை. பின்னங்கால்கள் முன்னங்கால்களைவிட மிக நீளமானவை. ஏர் ஓட்டுபவர் காலடியில் மிதிபடும் தறுவாய் வரையில் அசையாமல் கிடந்து, திடீரெனத் துள்ளி எழுந்து, கோணல்மாணலாக ஓடி மறையும் அதன் வழக்கத்தை இவ்வட்டாரத்தில் அறியாதார் இலர். மறைந்து கிடத்தலும் விரைந்து ஓடுதலுமே அதற்கு உள்ள காப்பு.

அந்தி சாய்ந்த பிறகே அது இரை தேடப் புறப்படும். மழைக்காலத்தில் பசும்புல்லையும் சிறு பூண்டுகளையும் விரும்பி மேயும். கோடையில் புல் காய்ந்தபின் தளிர்களையும் இளங்கன்றுகளின் பட்டையையும் நாடும். முதலில் இடும் மிருதுவான எச்சத்தை அது மீண்டும் உட்கொண்டு, இரண்டாம் முறை சீரணித்து, உலர்ந்த உருண்டைகளாக வெளியிடும். இவ்விதம் சாரமற்ற தீனியிலிருந்தும் சத்தைப் பிழிந்தெடுப்பதால், வறண்ட கரட்டுக்காட்டிலும் அது பிழைத்திருக்கிறது.

2. சேதம் மிகும் காலம்

மலையடிவாரத்துக் கரடுகளும், தரிசுகளும், கோமுகி, மணிமுத்தாறு ஆகியவற்றின் கரையோரப் புதர்களும் முயலுக்கு ஏற்ற இருப்பிடங்கள். ஆடிப் பட்டத்தில் மழை பெய்து எங்கும் புல் தழைத்திருக்கையில், வயலுக்குள் வரவேண்டிய அவசியம் அதற்குக் குறைவு. மார்கழி, தைப் பட்டத்து இறவை நிலக்கடலையும் உளுந்தும் முளைக்கும் சமயத்திலோ, சுற்றிலும் காடு காய்ந்து வருகிறது. காய்ந்த காட்டின் நடுவே பசுமையாக நிற்பது கிணற்றுப் பாசனத் தோட்டம் ஒன்றே. ஆகையால் முளைத்த நாள் முதல் மூன்று, நான்கு வாரங்கள் வரையில் காவல் மிகவும் வேண்டும். அதன்பின் தண்டு முற்றி, சேதம் தானே குறையும்.

3. அடையாளம் காணும் விதம்

முயலுக்கு மேல் தாடையில் இரண்டு பெரிய வெட்டுப்பற்களும், அவற்றின் பின்னே இரண்டு சிறு பற்களும் உண்டு. அதனால் அது கடித்த தண்டு, கூரிய கத்தியால் சாய்வாகச் சீவியது போல் காணப்படும். ஆட்டிற்கும் மாட்டிற்கும் மேல் தாடையில் முன்பற்கள் இல்லை. அவை கடித்த இடம் பிய்ந்து நார் தொங்கும். இதுவே முதல் வேறுபாடு.

இரவில் வெட்டும் புழு தரைமட்டத்தில் தண்டை அறுத்து, செடியை அருகிலேயே கிடத்திவிடும். மண்ணை ஓரங்குலம் கிளறினால் புழு சுருண்டு கிடப்பதைக் காணலாம். முயல் கடித்த பாகத்தைத் தின்றுவிடுமாதலால் தரையில் மிச்சம் அதிகம் கிடவாது. எலியாயின் வரப்பில் வளையும், வளை வாயில் புதுமண்ணும் இருக்கும். பன்றியாயின் நிலமே உழுதது போல் புரண்டு கிடக்கும்.

இவற்றோடு எச்சத்தையும் தடத்தையும் பார்க்கவேண்டும். முயல் எச்சம் சற்றே தட்டையான உருண்டையாய், உடைத்தால் புல்நார் நிறைந்திருக்கும். ஈரமண்ணில் அதன் தடம் விளங்கத் தெரியும். முன்னங்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிய, பின்னங்கால்கள் இரண்டும் அவற்றைத் தாண்டி முன்னே இணையாகப் பதியும். வேலியின் அடியில் மயிர் ஒட்டிய சிறு சந்து இருப்பின், அதுவே அதன் வாயில் எனக் கொள்ளலாம்.

4. மறுவிதைப்பு வேண்டுமா?

நுனி போன செடியைக் கண்டதும் மனமுடைந்து காட்டை அழித்து உழுவது கூடாது. எந்தப் பயிர், எவ்விடத்தில் கடிபட்டது என்பதைக் கவனித்தே முடிவு செய்யவேண்டும்.

நிலக்கடலையில் வித்திலைகளின் கக்கத்திலிருந்து எழும் கிளைகளிலேயே காய்களில் பெரும்பகுதி பிடிக்கின்றது. ஆகவே வித்திலைக்கு மேல் கடிபட்ட செடி சிறிது பின்தங்கினாலும் பிழைக்கும். அதற்குக் கீழே கடிபட்டது மீளாது. உளுந்தின் வித்திலைகள் தரைக்கு மேலே எழுவதால், அவற்றின் கீழ் அறுபட்ட செடியும் மீளாது. துவரையின் வித்திலைகள் மண்ணுக்குள்ளேயே தங்குவதால், தரையோடு கடிபட்டும் அது மறுபடி தழைக்கக்கூடும். மக்காச்சோளத்தில் ஐந்தாறு இலை விடும் வரையில் குருத்தின் உயிர்நிலை மண்ணுக்குள் இருக்கும். இலை மட்டும் போயிருந்தால் அஞ்சவேண்டியதில்லை. மரவள்ளிக் கரணையில் ஒரு முளை போனால் வேறு கணுவிலிருந்து முளை கிளம்பும்.

எனவே பத்தடிச் சதுரமாக ஐந்து இடங்களில் அளந்து, மீளாத செடிகளை மட்டும் எண்ணுக. அவை சிலவாயின், அவ்விடங்களில் ஊறவைத்த விதையை ஒரு வாரத்திற்குள் ஊன்றிப் பாடு நிரப்பினால் போதும். தாமதித்து ஊன்றிய விதை முன் முளைத்த செடிகளின் நிழலில் நலிந்து, ஒரே சமயத்தில் முதிராது.

5. எல்லையோரத்தின் கணக்கு

முயல் திறந்தவெளியின் நடுவே நெடுநேரம் தங்க அஞ்சும். மறைவிடத்திற்கு ஓடத்தக்க தூரத்திலேயே மேயும். ஆகவே சேதம் பெரும்பாலும் எல்லையோரத்தில் நிகழ்வது. "ஓரந்தானே" என்று இதை அலட்சியம் செய்தலாகாது. சதுரமான ஓர் ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 209 அடி. நான்கு பக்கமும் பத்தடி அகலம் போனால், ஏக்கரில் 100-க்கு 18 பங்கு போயிற்று. காட்டோரமாக நீண்ட குறுகலான நிலமாயின் பங்கு இன்னும் மிகும். குத்தகை நிலத்தில் கடன் வாங்கி விதைத்தவருக்கு அந்த 18 பங்கே அவ்வாண்டின் இலாபம் முழுவதுமாக இருக்கலாம்.

இதே கணக்கு வேலிச் செலவிற்கும் வழி காட்டுகிறது. தனி ஏக்கருக்கு வேலி ஏறத்தாழ 836 அடி வேண்டும். நான்கு ஏக்கரைச் சதுரமாக ஒன்றுசேர்த்து அடைத்தால் ஏக்கருக்கு 418 அடியே ஆகும். பதினாறு ஏக்கரைச் சேர்த்தால் ஏக்கருக்கு 209 அடி போதும். பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரர் ஒற்றுமைப்படின் செலவு கால்பங்காகக் குறைவதை இதனால் உணரலாம். வரப்புத் தகராறு உள்ளவர்களும் இக்கணக்கைக் கருதி ஒன்றுசேர்வது நன்று.

6. தடுப்பு உபாயங்கள்

(அ) வலை வேலி: கோழிக்கூண்டுக்குப் பயன்படும் சிறுகண் கம்பிவலையை இரண்டரை அடி உயரம் நிற்கும்படி குச்சிகளில் கட்டுக. அடியில் அரை அடியை வெளிப்புறமாக மடக்கித் தரையில் படியவைத்து, கல்லோ மண்ணோ பாரம் வைக்கவேண்டும். முயல் பெரும்பாலும் வேலியைத் தாண்ட முயலாது, அடிச் சந்தில் நுழையவே பார்க்கும். ஆகையால் உயரத்தைக் காட்டிலும் அடிப்பாகத்தில் கவனம் வேண்டும். பயிர் முற்றியபின் வலையைச் சுருட்டி வைத்து அடுத்த பட்டத்திற்கும் உபயோகிக்கலாம்.

(ஆ) முள்வேலி: வலைக்கு வசதியில்லாதவர் இலந்தை முள்ளையோ வேலிக்கருவை முள்ளையோ அடர்த்தியாக அடுக்குக. மேலே ஓங்கி நின்று அடியில் சந்துள்ள வேலியால் முயலைப் பொறுத்தவரை பயனில்லை.

(இ) கன்றுகளுக்குக் கூண்டு: மா, கொய்யா முதலிய கன்றுகளைச் சுற்றி இரண்டடி உயரத்திற்கு மூங்கிற் பிளாச்சுகளாலோ கம்பிவலையாலோ கூண்டு கட்டுக. பட்டையைச் சுற்றிலும் முழு வளையமாக முயல் உரித்துவிட்டால் அக்கன்று பட்டுப்போகும். ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால், காயத்தில் பசுஞ்சாணமும் களிமண்ணும் குழைத்துப் பூசிக் காப்பாற்றலாம்.

(ஈ) ஓரம் வெட்டுதல்: வயலை ஒட்டிய பதினைந்து அடி அகலத்தில் புதரையும் உயர்ந்த புல்லையும் சிரைத்துத் திறந்தவெளியாக்குக. மறைவிடம் விலகினால் முயலின் துணிவும் குறையும். இதற்காகக் கரடு முழுவதையும் தீ வைத்து அழித்தல் தவறு. அங்குள்ள தீனியையும் இழந்த முயல் வயலையே முழுதும் நம்பும்.

(உ) காவலும் வாடையும்: காவல் நாயைக் கட்டிவைத்து இரவில் குரைக்கவிடுதல் உதவும். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து ஓரச் செடிகளில் தெளித்தால் சில நாட்களுக்குக் கசப்பு நிற்கும். மழையிலோ பனியிலோ கழுவுண்டால் மறுபடி தெளிக்கவேண்டும். இதை வேலிக்குத் துணையாகக் கொள்ளலாமேயன்றி, இதனையே நம்பியிருக்கலாகாது.

7. செய்யத் தகாதவை

காட்டு முயல் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ள பிராணி. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்தின் அட்டவணைகளை மாற்றியமைத்த பின்னரும் அதற்குள்ள காப்பு நீங்கவில்லை. கண்ணியிடுதல், வலை வீசுதல், விளக்கடித்து நாய் விட்டுப் பிடித்தல் யாவும் குற்றமாம். தன் சொந்த வயலில் பிடித்தாலும் அங்ஙனமே. பண்டிகைக்கால வேட்டை எங்கள் வழக்கம் என்று கூறினும் சட்டம் ஏற்பதில்லை.

முயலுக்கென்று வயலில் மின்சாரக் கம்பி இழுப்பது யாவற்றினும் கொடிய தவறு. நேர் மின்னோட்டம் பாய்ந்த கம்பி முயலையும் மனிதரையும் பிரித்தறியாது. நள்ளிரவில் தண்ணீர் மாறவிட எழும் தகப்பனும், காலையில் மாடு ஓட்டிவரும் பிள்ளையும் அதே வரப்பில்தான் நடக்கின்றனர். சில நூறு ரூபாய்ப் பயிரைக் காக்க இட்ட கம்பி, குடும்பத்தின் உயிரையே வாங்கிய சம்பவங்கள் நாட்டில் பல உண்டு. மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2023-ஆம் ஆண்டு விதிகள் வெளியிட்டுள்ளது. அவ்விதிகளுக்குப் புறம்பான வேலி எவ்வகையிலும் கூடாது.

விஷம் கலந்த தானியம் வைப்பதும் அப்படியே. அதைத் தின்று மயிலும், கோழியும், காவல் நாயும் மடியும். செத்த பிராணியைத் தின்னும் நரியும் மடியும். நரி, காட்டுப்பூனை, கோட்டான், கழுகு ஆகியவை முயற்குட்டிகளை மட்டுமன்றி வயல் எலிகளையும் தின்று குடியானவனுக்குச் சம்பளமில்லாக் காவலாளிகளாக விளங்குவன.

8. பிற தேசங்களின் அனுபவம்

ஆஸ்திரேலியாவில் 1859-ஆம் ஆண்டு தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டை வினோதத்திற்காக ஏறத்தாழ இரண்டு டஜன் ஐரோப்பியக் குழிமுயல்களைத் தம் பண்ணையில் விட்டார். அவற்றின் வமிசம் பெருகிக் கண்டத்தின் பெரும்பகுதியைப் பாழாக்கிற்று. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை நெடுந்தூரம் வேலி போட்டும் அவை தடைப்படவில்லை. அங்கே அவற்றை அடக்கத்தக்க இயற்கைப் பகைகள் போதாமையும் இதற்கொரு காரணம்.

அமெரிக்காவின் மேய்ச்சல் நாட்டில் 'ஜாக் ராபிட்' எனப்படுவது, கழுதைக் காது போன்ற நெடிய காதுகளால் அப்பெயர் பெற்றது. பெயரில் குழிமுயல் என்றிருப்பினும் அது நம் காட்டு முயலின் இனமே. 1930-களின் பெரும் பஞ்சத்தில், கான்சாஸ் முதலிய மாநிலங்களில் அவை திரள்திரளாக வயல்களில் இறங்கியபோது, ஊர் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் வட்டமாகச் சூழ்ந்து, அவற்றை அடைப்புக்குள் ஓட்டித் தடியால் அடித்தனர். அடித்தது மாளாத வேலையாயிற்று. மழை பொய்த்துப் புல் கருகியதே மூலகாரணமாதலின், தடியினால் அதற்குப் பரிகாரம் கிடைக்கவில்லை.

நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் அத்தகைய பெருக்கம் இல்லை. பகைப் பிராணிகளும் கரட்டுப் புதரும் உள்ளவரையில் முயல் அளவோடு நிற்கும்.

9. குட்டியைக் கண்டால்

களை எடுக்கையில் தனியே கிடக்கும் முயற்குட்டியைக் கண்டு, தாயற்றதென இரங்கி வீட்டிற்கு எடுத்துச் செல்வோர் உண்டு. தாய் முயல் பகைக்கு இடம் காட்டாதிருக்கவே குட்டியைத் தனியே விட்டு, இருட்டிய பின் வந்து பால் கொடுக்கும். எடுத்துச் சென்ற குட்டி பெரும்பாலும் பிழைப்பதில்லை. அவ்வரிசையைச் சற்று விட்டுக் களையெடுத்து, குட்டியைத் தொடாது செல்வதே தருமம்.

பாடத்தின் சாரம்

தண்டின் வெட்டையும், எச்சத்தையும், தடத்தையும் பார்த்துக் காரணத்தை நிச்சயிக்க. மீளாத செடிகளை எண்ணியபின் பாடு நிரப்புக. முதல் நான்கு வாரம் ஓரத்தைக் காக்க. வேலியின் அடியை அடைக்க. அண்டையாருடன் கூடி அடைக்க. கம்பியில் மின்சாரமும் தானியத்தில் விஷமும் ஒருபோதும் வைக்கற்க. இவ்வளவும் செய்த காட்டில் விடியற்காலை ஒரு முயல் துள்ளி ஓடினாலும், அதைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை.