போடிமலை ஜீப்பும் மாற்று எஞ்சினும்

மோட்டார் வண்டியின் எஞ்சினைக் கழற்றி, அதனினும் பெரியதொன்றை அவ்விடத்தே பொருத்துதல் பல நாடுகளிலும் நிகழ்ந்துவரும் தொழில். செல்வர் சிலர்க்கு அது விளையாட்டு. ஏலமலைச் சரிவில் வாழ்வார்க்கோ அது பிழைப்பு. இவ்விரண்டிற்கும் பொதுவாகிய இயற்கைநூல் விதிகள் சிலவற்றை, பௌதிகம் பயிலும் நம் மாணவர்க்கும், அம்மலைப் பக்கத்தினின்று வந்து பயின்று சென்ற பழைய மாணவர்க்கும் பயன்படுமாறு ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

போடிநாயக்கனூர் மலையடிவாரத்து ஊர். ஏலக்காய் விளைவது மேலே. அதனை விலைபேசி வாங்கும் வணிகரும், தரம் பிரிக்கும் கூடங்களும், தோட்டத்திற்குச் செல்லும் தொழிலாளரும் பெரும்பாலும் கீழே. ஆகவே நாள்தோறும் ஆட்கள் மேலேறுதலும், சரக்குக் கீழிறங்குதலும் இவ்வூர்க்கு மூச்சு வாங்கி விடுதல் போன்றன. முற்காலத்தே டாப் ஸ்டேஷனினின்று கொட்டகுடிப் பக்கம் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கி இறங்கின. இக்காலத்தே முந்தலைக் கடந்து கொண்டையூசி வளைவுகள் பல ஏறிப் போடிமெட்டினை அடையும் சாலையே பெருவழி. ஊருக்கும் மெட்டிற்கும் உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ 1000 மீட்டர். மெட்டினைத் தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களுக்குள் நுழைந்தால் சாலை என்னும் பெயர் பொருந்தாத தடங்கள் பல உள. அவற்றில் ஏறுதற்கு ஏற்ற வண்டியாக ஜீப்பே நிலைபெற்றது.

ஜீப்பின் வரலாறே எஞ்சின் மாற்றத்தின் வரலாறு எனலாம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க வில்லிஸ் நிறுவனம் செய்த போர்க்கள ஜீப்பில் 2199 கன சென்டிமீட்டர் அளவும் 60 குதிரைத்திறனும் கொண்ட நான்கு சிலிண்டர்ப் பெட்ரோல் எஞ்சின் இருந்தது. போருக்குப்பின் அவ்வளவினையே மாற்றாது, காற்று உள்வாங்கும் வால்வினை மட்டும் தலைப்பகுதிக்கு ஏற்றித் திறனைப் பெருக்கினர். தலை உயர்ந்தமையால் எஞ்சின் பழைய மூடியின்கீழ் அடங்கவில்லை. ஆதலின் 1953 ஆம் ஆண்டு வெளிவந்த சி.ஜே. 3பி வகையில் முன்மூடியையே உயர்த்திவிட்டனர். மகிந்திரா நிறுவனத்தார் பல்லாண்டுகள் நம் நாட்டிற் செய்து விற்ற ஜீப்பின் அந்த நெடிய நெற்றி அழகுக்காக அமைந்ததன்று. எஞ்சினை மாற்றினால் வண்டியும் மாறியே தீரும் என்பதற்கு அது முகத்திலேயே எழுதிய சான்று.

இனி மலைக்கு வருவோம். பெட்ரோல் ஜீப் ஏறுதற்கு வலுவற்றதாயிருந்தமையாற்றான் எஞ்சினை மாற்றினர் என்று பலர் கருதுவர். கணக்கிட்டுப் பார்ப்போம். ஆட்களும் மூட்டைகளும் உட்பட வண்டியின் எடை 2000 கிலோ என்று கொள்க. செங்குத்தான இடத்தில் ஏற்றம் பன்னிரண்டிற்கு ஒன்று எனின், பின்னோக்கி இழுக்கும் விசை 167 கிலோ எடை. சக்கரங்கள் உருளுதலால் உண்டாகும் தடை நூற்றுக்கு இரண்டு வீதம் 40 கிலோ. ஆக 207. மணிக்கு 20 கிலோமீட்டர், அஃதாவது வினாடிக்கு 5.56 மீட்டர் வேகத்தில் இவ்விசையை வெல்ல வேண்டுவது வினாடிக்கு 1150 கிலோகிராம் மீட்டர் வேலை. 75ஆல் வகுக்கக் கிடைப்பது 15 குதிரைத்திறனுக்குச் சிறிது மிகுதி. கியர்களில் விரயமாவதைச் சேர்ப்பினும் 18 ஆகும். மெட்டின் உயரத்தில் காற்று அடர்த்தி குறைதலால் எஞ்சின் தன் திறனில் எட்டில் ஒரு பங்கினை இழக்கும். அவ்விழப்பையும் கழித்து நோக்கினும், நல்ல நிலையிலுள்ள 60 குதிரைத்திறன் எஞ்சினுக்கு இவ்வேற்றம் ஒரு பொருட்டன்று.

பின் மாற்றியது எதனால்? பெட்ரோல் விலையால் என்பதே எம் கருத்து. 1973 ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப்பின் பெட்ரோல் குடிக்கும் ஜீப்பினை வாடகைக்கு ஓட்டிப் பிழைத்தல் அரிதாயிற்று. பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்த கலவை ஏறத்தாழ ஆறரை மடங்கே அழுத்தப்படும். டீசல் எஞ்சினிலோ தனிக்காற்று இருபது மடங்களவு அழுத்தப்பட்டு, அச்சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். அழுத்தம் மிகுந்தால் அதே எரிபொருளினின்று பெறும் வேலையும் மிகும் என்பதை வெப்பவியல் பாடத்தில் மாணவர் கற்றிருப்பர். மேலும், டீசல் எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே நன்கு இழுக்கும். வளைவில் வேகம் தளர்ந்தாலும் விக்கி நின்றுவிடாது. ஓட்டுநர் இதனையே ‘இழுவை’ என்பர். அச்சொல் குதிரைத்திறன் என்பதினும் பொருள் நிறைந்தது என்று எமக்குத் தோன்றுகின்றது.

முதலில் வந்தது டிராக்டருக்கென அமைந்த இன்டர்நேஷனல் டீசல் எஞ்சின். பின்னர்ப் பிரான்சு நாட்டுப் பெஷோ நிறுவனத்தின் வடிவமைப்பில் 2112 கன சென்டிமீட்டர் எஞ்சினும், அதற்கும் பின் 2500 அளவினவும் வந்தன. தொழிற்சாலையே டீசல் பொருத்தி விற்ற வண்டிகள் ஒருபுறமிருக்க, பழைய பெட்ரோல் ஜீப்பினை லேத் பட்டறையிலும் மெக்கானிக் கொட்டகையிலும் விட்டு டீசலாக மாற்றிக்கொண்டோர் மிகப் பலர். பெஷோ எஞ்சின் அளவிற் சிறிது குறைந்ததே எனினும், இரும்பின் பருமனால் கனத்தது. பெரிய எஞ்சின் என்னும்போது சிலிண்டரின் கொள்ளளவை மட்டும் கருதலாகாது.

எஞ்சினை இறக்கிவைத்தவுடன் எழும் இடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பழைய கியர்ப்பெட்டியின் வாயும் புதிய எஞ்சினின் பின்புறமும் பொருந்தா. இடையே கடைந்தெடுத்த தட்டு ஒன்று வேண்டும். அத்தட்டின் துளை மயிரிழை விலகினும், கியர்ப்பெட்டியின் முன் தண்டு கோணலாகச் சுழன்று பேரிங்கைத் தின்றுவிடும். எண்ணெய்த் தொட்டி முன் அச்சில் இடிக்கும். முன் பட்டைகள் கூடுதற் கனத்தால் அமிழும். டீசலின் ஒவ்வொரு வெடிப்பும் வன்மையாதலின் கிளச் தட்டும் தாங்கு ரப்பரும் விரைவில் தேயும். ரேடியேட்டரோ ஏற்றத்திற்றான் மிகுதியாக உழைக்க வேண்டும். ஆனால் அப்பொழுதுதான் வண்டி மெல்லச் செல்வதால் எதிர்க்காற்று இல்லை. விசிறி ஒன்றே துணை.

மற்றொன்று வேகம். சி.ஜே. 3பி வகையின் பின்னச்சுப் பல்விகிதம் 5.38. உச்ச கியரில் எஞ்சின் நிமிடத்திற்கு 4000 சுற்றுச் சுற்றின் வண்டி மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் செல்லும். டிராக்டர் எஞ்சின் 2000 சுற்றின் அளவிலேயே வேலை செய்வது. அதனைப் பொருத்தினால் அதே வண்டி 50க்கு மேற் செல்லாது. மலையில் இது குறையன்று. தேனிச் சாலையில் பின்னால் வருவோர் ஒலியெழுப்பிக்கொண்டே வருவர், அவ்வளவே.

இவ்விடத்தே மேலைநாட்டு விளையாட்டு வண்டிகளை ஒப்பிட்டு நோக்குதல் நலம். அவற்றுட் சில எஞ்சினை முன்னும் வையாது, பின்னச்சிற்கு அப்பாலும் வையாது, ஓட்டுநர் முதுகிற்கும் பின்னச்சிற்கும் இடையே வைத்துச் செய்யப்பட்டன. காவடியின் இரு நுனியிலும் நீர்க்குடம் தொங்க விட்டுக்கொண்டு திடீரென்று திரும்புதல் அரிது. அக்குடங்களையே மார்போடு அணைத்துக்கொண்டால் எளிதில் திரும்பலாம். கனம் நடுவிற் குவிந்த வண்டி வளைவில் விரைந்து திரும்புவது இக்காரணத்தாலேயே. 1969 முதல் 1976 வரை ஜெர்மனியில் போர்ஷேயும் ஃபோக்ஸ்வாகனும் கூடி அளித்த 914 என்னும் சிறுவண்டி இவ்வகையது. அதன் தொடக்க எஞ்சின் 1.7 லிட்டர், 80 குதிரைத்திறன், காற்றாற் குளிர்வது. அவ்வுடலிலேயே ஆறு சிலிண்டர், 2 லிட்டர், 110 குதிரைத்திறன் எஞ்சினைப் பொருத்தி 914/6 என்று விற்றனர். 1969இல் பந்தய வண்டிக்குரிய எட்டுச் சிலிண்டர், 3 லிட்டர் எஞ்சினையே புகுத்தி இரண்டே வண்டிகள் செய்தனர். ஒன்று ஃபெர்டினாண்ட் பியேக் வேண்டியது, மற்றது ஃபெர்ரி போர்ஷேயின் அறுபதாம் பிறந்தநாட் பரிசு.

அமெரிக்கர் சிலர் இதனோடு நில்லாது, செவ்ரோலே நிறுவனத்தின் பெரிய எட்டுச் சிலிண்டர் எஞ்சினை இச்சிறு வண்டியிற் புகுத்தலாயினர். அவ்வெஞ்சின் நீராற் குளிர்வது. 914இலோ ரேடியேட்டரே இல்லை. ஆகவே முன்புறத்தே ஒன்றை வைத்து, வண்டியின் நீளம் முழுதும் குழாய் ஓட்டிப் பின்னிருந்து முன்னும் முன்னிருந்து பின்னும் நீரைச் செலுத்த வேண்டியதாயிற்று. முதுகுச் சுவரை வெட்டினர். கியர்ப்பெட்டி தாங்குமோ என அஞ்சி அஞ்சி ஓட்டினர். கனம் பின்னோக்கிச் சாய்ந்தது. எந்தச் சமனுக்காக எஞ்சின் நடுவில் வைக்கப்பட்டதோ அச்சமனே குலையலாயிற்று. இத்தாலியரின் ஃபியட் எக்ஸ் 1/9 வண்டியில் 1978இல் 1290 அளவினை நீக்கி 1498 அளவினை வைத்த தொழிற்சாலையாரோ, நான்கு கியர்களை ஐந்தாகவும் கூடவே மாற்றினர். செய்முறை அறிந்தோர் செயல் அது.

நம் நாட்டிலும் நடு எஞ்சின் வண்டிக்கு எடுத்துக்காட்டு உண்டு. கோயம்புத்தூர்க் கரிவரதன், மாருதி 800இன் சிறிய எஞ்சினை ஓட்டுநர்க்குப் பின்னே அமைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைச் செய்து, குறைந்த செலவில் இளைஞர் பந்தயம் பயில வழிகண்டார். 1995இல் அவர் மறைந்தார். அந்நகரிலேயே பின்னாளில் எழுந்த எல்.ஜி.பி. பந்தய வண்டிகளில் 1300 அளவுள்ள எஞ்சின் இடம்பெற்றது. செட்டிபாளையத்துப் பந்தயக்களம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

சட்டம் இவ்வகை மாற்றங்களை எளிதில் ஒப்புவதன்று. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிற் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்கின்றது. எரிபொருளை மாற்றுதற்கு மட்டும் ஒப்புதல் பெற்ற கருவிகளை விதிப்படி பொருத்த இடந்தருகின்றது. 2019இல் உச்சநீதிமன்றமும் இப்பிரிவினை வலியுறுத்திற்று. தோட்டத்து ஜீப்பில் ஏறும் பெண்தொழிலாளி எவரும் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்து ஏறுவதில்லை. ஆதலின் பார்க்கவேண்டியவர் உடையவரே.

ஏறுதலைப்பற்றி இதுவரை பேசினோம். உயிர்க்கு ஊறு விளைவது இறங்குதலிலேயாம். 2000 கிலோ எடை 1000 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 4,700 கிலோ கலோரி. 30 பாகைச் சூட்டிலுள்ள 67 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொணர அது போதும். சக்கரத் தடையும் காற்றுத் தடையும் மூன்றில் ஒரு பங்கினை உண்பதாகக் கொள்ளினும், எஞ்சிய 45 லிட்டர் நீரின் கொதிப்பை எஞ்சினும் பிரேக்குமே ஏற்கவேண்டும். ஆதி ஜீப்பின் பிரேக் டிரம் 9 அங்குல விட்டமே உடையது. டிரம் சூடேறினால் விரிந்து கட்டையினின்று விலகும்; கட்டையின் பிடிப்பும் குறையும்; மிதி ஆழ்ந்துகொண்டே போகும். ஏறிய கியரிலேயே இறங்கு என்னும் பழைய விதி இவ்வெப்பத்தின் பெரும்பங்கை எஞ்சின்மேல் ஏற்றுதற்கே ஏற்பட்டது.

இதிலும் டீசலுக்கும் பெட்ரோலுக்கும் வேற்றுமையுண்டு. பெட்ரோல் எஞ்சினில் மிதியை விட்டால் காற்றுவாயில் அடைபடும். உள்ளே வெற்றிடம் உண்டாகி எஞ்சினை இழுத்துப் பிடிக்கும். பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் அவ்வாயில் இல்லை. அழுத்திய காற்று சுருள்வில்போல் மீண்டும் தள்ளிவிடுவதால், பிடிப்பின் பெரும்பகுதி உராய்விலிருந்தே வருதல் வேண்டும். இன்னும் ஒன்று. பிற்காலத்து வண்டிகளின் பிரேக் மிதிக்குத் துணைசெய்யும் பூஸ்டர் வெற்றிடத்தால் இயங்குவது. பெட்ரோல் எஞ்சின் அவ்வெற்றிடத்தைத் தானே தரும், டீசல் தாராது. அதற்கென வெற்றிடப் பம்பு ஒன்றினை, பெரும்பாலும் மின்னாக்கியின் பின்புறத்தே பூட்டி, அம்மின்னாக்கியை ஒரு பெல்ட்டினால் சுழற்றுகின்றனர். பெல்ட் அறுந்தால் விளக்கு மங்குவது மட்டுமன்று. சேமிப்பிலுள்ள வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளிலே தீர்ந்து, பிரேக் கல்போல் இறுகும். ஆகையால் போடிமெட்டினின்று புறப்படுமுன் முன்மூடியைத் தூக்கி, அந்த பெல்ட்டினை விரலால் அழுத்தி அதன் இறுக்கத்தை நோக்குக.