பையில் இருக்கும் கல்

தம்பிமாரே, ஒரே மாதத்தில் மூன்று பேர் கடை திறக்கப் போகிறீர்கள். ஜெபம் பண்ண வந்த இடத்தில் “தாத்தா, நாலு வார்த்தை சொல்லுங்க” என்றீர்கள். நாற்பது வருஷம் மளிகைக் கல்லாவில் உட்கார்ந்தவனுக்கு நாலு வார்த்தையில் நிறுத்தத் தெரியாது. அதனால் எழுதியே தருகிறேன்.

1. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் பிறனை நேசி என்ற கட்டளை 18ஆம் வசனம். அதைப் பிரசங்கிக்காத ஊழியர் இல்லை. அதே அதிகாரம் 35, 36இல் தராசு வருகிறது. அதுவரை யாரும் போவதில்லை! நம் பழைய மொழிபெயர்ப்பு அங்கே ‘சுமுத்திரை’ (நல்ல முத்திரை, அதாவது சரியான அளவு) என்றொரு சொல்லை வைத்திருக்கிறது. தராசு, நிறைகல், மரக்கால், படி நாலும் சுமுத்திரையாக இருக்க வேண்டுமாம். எபிரெய அளவுகளான ஏப்பாவும் ஹின்னும் நமக்கு மரக்காலாகவும் படியாகவும் வந்திருக்கின்றன. ஆகவே முதல் வேலை, தராசுக்கு முத்திரை போட்டு வாங்குங்கள். மறுமுத்திரைத் தவணையைத் தப்பவிடாதீர்கள்.

2. இதுதான் முக்கியம். பழைய இஸ்ரவேலில் நாணயம் கிடையாது. வெள்ளியையே நிறுத்துக் கொடுத்தார்கள். ஆபிரகாம் மக்பேலா குகைக்காக எப்பெரோனுக்கு 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்தது அப்படித்தான். எடைக்கு அவர்கள் சொன்ன பெயரும் வெறும் ‘கல்’தான். யூதேயாவில் தோண்டிய இடங்களில் குமிழ் போன்ற சுண்ணாம்புக் கற்கள் கிடைத்திருக்கின்றன. ஒரு சேக்கல் 11 கிராமுக்குச் சற்று மேல். அந்தக் கல்லில் ஓர் ஓரம் தேய்த்தால் எவனுக்குத் தெரியும்? வியாபாரி அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு அலைவான். வாங்கப் பெரிய கல், விற்கச் சின்ன கல். உபாகமம் 25 சொல்வதைக் கவனியுங்கள்: இரண்டு விதக் கல் உன் பையில் இருக்கவே கூடாது. எடுத்து நிறுத்த பிறகுதான் குற்றம் என்று அது காத்திருக்கவில்லை.

இப்போது கல் போய் எலக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது. ஆனாலும் தோட்டக்காரன் கத்தரிக்காய் கொண்டுவந்தால் மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு பிடிக்கிறோம். அதையே விற்கும்போது கிராம் கணக்கு பேசுகிறோம். அட்டைப் பெட்டியையும் சேர்த்து நிறுத்து அல்வா விலை வாங்குகிறோம். இரண்டு கல் என்பது இதுதான். கீழே நான் சொல்லும் பலவும் இந்த இரண்டு கல் கதைதான்.

3. வாங்குகிறவனுக்கும் கல் உண்டு. சரக்கு மட்டம், மட்டம் என்று முகம் சுளித்து விலையை அடித்து வாங்கிவிட்டு, வழியெல்லாம் பெருமை பேசுகிறவனை நீதிமொழிகள் 20 சரியாகப் பிடித்திருக்கிறது. மொத்தக் கடையில் நீங்கள்தான் அந்த ஆள்.

4. ஆமோஸ் தெக்கோவா ஊர் மேய்ப்பன். அவர் 8ஆம் அதிகாரத்தில் காட்டும் வியாபாரிகள் ஓய்வுநாளை மீறவில்லை. கடையை மூடித்தான் வைத்திருந்தார்கள். எப்போது முடியும், எப்போது தானியத்தை அவிழ்க்கலாம் என்று தவித்தார்கள். திறந்ததும் மரக்கால் சிறுக்கும், சேக்கல் பெருக்கும், கோதுமையோடு பதரும் போகும். ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்து தீபாவளிச் சரக்குக்கு விலை போட்டவன் நான். அதனால் இந்த அதிகாரம் வாசிக்கும்போது தலை குனிந்துகொள்வேன்.

5. கூலி அன்றைக்கே. பொழுது சாயுமுன் என்கிறது உபாகமம் 24. “நாளைக்கு வாடே” என்று சொல்லாதீர்கள்.

6. கடன் கொடுக்காமல் மளிகை நடத்த முடியாது. அதே 24ஆம் அதிகாரம் ஏந்திரக் கல்லை அடகாக வாங்காதே என்கிறது; மாவரைக்க முடியாதவன் எதைத் தின்பான்? இன்றைக்குத் தையற்காரியின் மிஷினும் ஆட்டோக்காரனின் வண்டியும்தான் ஏந்திரம். இன்னொன்றும் உண்டு: அடகு வாங்கக் கடன்காரன் வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில், அவனே கொண்டுவரட்டும். அவன் பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் அவனைக் கூனிக்குறுக விடாத சட்டம் அது. கல்யாண வீட்டுப் பந்தியில் பாக்கி கேட்கிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். நீங்கள் வாசலில் நில்லுங்கள்.

7. பங்காளி என்றாலும் எழுதுங்கள். எரேமியா காவல் முற்றத்தில் கிடக்கிறார், எருசலேமைப் பகைவர் சூழ்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் தகப்பனுடைய சகோதரன் மகனிடம் ஆனதோத் நிலத்தை 17 சேக்கலுக்கு வாங்குகிறார். வாங்கச் சொன்னது கர்த்தரே. ஆனாலும் சாட்சிகள், கையெழுத்து, முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்தது ஒன்று, இரண்டும் மண்பாண்டத்துக்குள். தீர்க்கதரிசியே பத்திரம் போட்டார். நீங்கள் “நம்ம ஆளுதானே” என்று பற்றுவரவு எழுதாமல் விடாதீர்கள். கூட்டு வியாபாரங்கள் உடைந்த கதை எனக்கு நிறையத் தெரியும்.

8. தப்பு நடக்கும். நடந்தால் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து, பறிகொடுத்தவனிடமே கொடுக்கச் சொல்கிறது லேவியராகமம் 6. அதன் பிறகுதான் பலி. எரிகோவின் சகேயு நாலு மடங்கு என்றான். சபை விருந்தான அசனத்துக்கு ஐந்து மூட்டை அரிசி கொடுத்து இதைச் சரிக்கட்ட முடியாது. மொத்தக் கடைக்காரர் ஒரு மூட்டையைப் பில்லில் விட்டுவிட்டாலும் போய்ச் சொல்லிப் பணத்தைக் கட்டுங்கள். தானியத்துக்குக் கொடுத்த பணம் சாக்கின் வாயில் திரும்பி வந்தபோது, கை தவறியிருக்கும், திருப்பிக் கொண்டுபோங்கள் என்று யாக்கோபு பிள்ளைகளை அனுப்பினாரே!

திறப்பு விழாவுக்கு மூன்று கடைக்கும் வருவேன். சால்வை வேண்டாம். ஒரு கிலோ சர்க்கரை நிறுத்து வையுங்கள். என்னுடைய பழைய இரும்புக் கல்லை வேட்டியில் முடிந்துகொண்டு வருகிறேன்.