செயற்கை முழங்காலின் தேய்மானம்

என் பெரியம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பொங்கல் விடுமுறையில் போயிருந்தபோது, "ஏம்பா, இது எத்தனை வருஷத்துக்கு உழைக்கும்?" என்று, கிரைண்டரைப் பற்றி விசாரிப்பவர்போலக் கேட்டார்கள். இயற்பியல் படிக்கிற எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

செயற்கை மூட்டில் தொடை எலும்பின் நுனிக்குப் பெரும்பாலும் கோபால்ட்–குரோமியக் கலவையாலான உறையைப் போடுகிறார்கள். கீழ்க்கால் எலும்பின் தலையை மட்டமாக அறுத்து, உலோகத் தட்டைப் பதித்து, அதன்மேல் பிளாஸ்டிக் தகட்டை அமைக்கிறார்கள். இந்தப் பிளாஸ்டிக் நம் வீட்டு வாளிக்கும் குடத்துக்கும் உறவான பாலிஎத்திலீன்தான். ஆனால் சங்கிலிகள் மிக நீண்டவை. மூலக்கூறு எடை 20 இலட்சத்துக்கும் மேல்.

இது முதலில் நுழைந்தது இடுப்பு மூட்டில். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி, 1958 முதல் டெஃப்லான் கிண்ணங்களைப் பொருத்திவந்தார். வழுவழுப்பில் டெஃப்லானுக்கு ஈடில்லை. ஆயினும் சில ஆண்டுகளிலேயே அது தேய்ந்து, சுற்றியுள்ள திசுக்கள் புண்ணாயின. சார்ன்லி டெஃப்லானைத் தம் தொடையிலேயே செலுத்தி விளைவைச் சோதித்தார்! 1962இல், நெசவு எந்திரப் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட பாலிஎத்திலீனை ஒரு விற்பனையாளர் கொண்டுவந்தபோது, அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. உதவியாளர் ஹாரி கிரேவன்தான் அதைத் தேய்மான எந்திரத்தில் ஓடவிட்டவர். டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்கு, அது மூன்று வாரம் இரவு பகலாக ஓடியும் தேயவில்லை.

அதே பிளாஸ்டிக் முழங்காலுக்கு வந்தபோது வேறுவிதமாகக் கெட்டது. ஏன்? ஆட்டுக்கல்லையும் அம்மியையும் நினைத்துப் பாருங்கள். ஆட்டுக்கல்லின் குழவி குழிக்குள் பொருந்தி நிற்கிறது. இடுப்பு மூட்டு அத்தகையது. அம்மிக் குழவியோ தட்டைக் கல்மேல் சிறிதளவே தொட்டுக்கொண்டு உருளவும் வழுக்கவும் செய்கிறது. முழங்கால் இந்த இரண்டாம் வகை. நடக்கையில் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை அந்தச் சிறு பரப்பில் இறங்குகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் தடவை. இதனால் எழும் தகைவு உச்சமடைவது மேற்பரப்பிலன்று, அதற்கு ஓரிரு மில்லிமீட்டர் கீழே.

இங்கேதான் வேதியியல் குறுக்கிடுகிறது. கிருமி நீக்குவதற்காகப் பிளாஸ்டிக்கைக் காற்றடைத்த உறையில் வைத்துக் காமாக் கதிர் பாய்ச்சுவது பல்லாண்டு வழக்கம். கதிர் சங்கிலிகளை அறுத்துத் தனி உறுப்புகளை உண்டாக்கும். அவை ஆக்சிஜனோடு மெல்லச் சேர, பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை அடைகிறது. அலமாரியில் பல ஆண்டு கிடந்த தகடு, நோயாளியின் காலுக்குள் போகுமுன்பே மூப்படைந்துவிடும். இந்த ஆக்சிஜனேற்றம் மிகுந்திருந்ததும் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேதான்! எங்கே சுமை அதிகமோ அங்கேயே பொருள் நலிந்தது. விரிசல் படர்ந்து, தகடு ஏடு ஏடாக உரிந்தது. நோயாளியைக் காக்கச் செய்த காரியமே இப்படித் திரும்பியதை 1990களில்தான் தெளிவாக உணர்ந்தார்கள்.

தகடு மெலிவதைவிடத் துகள்கள் பொல்லாதவை. மைக்ரானுக்கும் சிறிய துகள்களை விழுங்கும் செல்கள் அவற்றைச் செரிக்க முடியாமல் அழற்சியைத் தூண்டுகின்றன. அதன் விளைவாக எலும்பைக் கரைக்கும் செல்கள் முனைந்து, மூட்டைப் பிடித்திருக்கும் எலும்பு அரிக்கப்படுகிறது. முன்பு சிலர் இதற்கு எலும்புச் சிமெண்டின்மேல் பழி போட்டார்கள்.

இப்போது ஆக்சிஜன் இல்லாத உறையில் கிருமி நீக்குகிறார்கள். கதிரால் குறுக்குப் பிணைப்புகளைப் பெருக்கினால் தேய்மானம் வெகுவாகக் குறையும். ஆனால் விரிசலைத் தாங்கும் திறனும் குறைவதால், முழங்காலில் அளவறிந்தே செய்ய வேண்டியிருக்கிறது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்க வைட்டமின் ஈ கலந்த வகையும் உண்டு.

பெரியம்மாவுக்கு என்ன சொல்வது? 2019இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வின்படி, முழு முழங்கால் மாற்றங்களில் 100க்கு ஏறத்தாழ 82, இருபத்தைந்து ஆண்டுகள் நிலைக்கின்றன. இதைச் சொன்னதும் மகிழ்ந்தார்கள். ஆனால் எலும்பு அரிப்பு தொடக்கத்தில் வலிக்காது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். வலிதான் இல்லையே என்று, மருத்துவர் வரச்சொன்ன நாளில் அவர்கள் போகவே இல்லையாம். தேர்வு முடிந்ததும் நானே அழைத்துப் போகிறேன்.